கப்பலில் வேலை செய்பவர்களுக்கு மருத்துவத் தகுதிப் பரிசோதனை ஏன் கட்டாயம்?

ஒருவர் கடலில் தன் வேலையைத் தனக்கும் உடன் இருப்பவர்களுக்கும் ஆபத்தில்லாமல் செய்வாரா என்று மருத்துவர் பார்த்துச் சான்று தருவதுதான் இந்தப் பரிசோதனை.

அடிப்படைக் காரணம் தூரம். நடுக்கடலில் நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸ் வராது. பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் மருத்துவரே இருப்பதில்லை. பயிற்சி பெற்ற அதிகாரி ஒருவர் கரையிலுள்ள மருத்துவரிடம் ரேடியோவில் கேட்டுக் கேட்டுத்தான் சிகிச்சை தருவார். தீப்பிடித்தால் அணைக்க வேண்டியதும் கப்பலில் வேலை செய்யும் இதே சில பேர்தான். மலைப்பாதையில் ஏறுமுன் வண்டியின் பிரேக்கைப் பார்ப்பது போலத்தான் இது: பழுது அடிவாரத்திலேயே தெரிந்துவிட வேண்டும்.

காது, இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள். பலருக்குப் புரியாதது நிறப்பார்வைச் சோதனை. இரவில் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கும் வலப்பக்கம் பச்சை விளக்கும் எரியும். இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவருக்கு எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாது. சுற்றிலும் கண்காணித்துக் கப்பலைச் செலுத்தும் காவல் பணியில் அது மோதலில் முடியலாம்.

2006ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி சான்று அதிகபட்சம் 2 ஆண்டுகள் செல்லும். 18 வயது நிரம்பாதவர்களுக்கு 1 ஆண்டு. சான்று மறுக்கப்பட்டால் வேறொரு மருத்துவரிடம் மறுபரிசோதனை கேட்கும் உரிமை உண்டு. தயங்காமல் கேளுங்கள்.

கண்ணாடி அணிந்தாலோ தினமும் மாத்திரை சாப்பிட்டாலோ கப்பல் வேலையே கிடைக்காது என்று பலர் நினைப்பது தவறு. நோய் கட்டுக்குள் இருந்தால், பணியிலோ பயணப் பகுதியிலோ சில வரம்புகளுடன் சான்று கிடைக்க வழி உண்டு.