சர்க்கரை எல்லைக்கோட்டிலும் எல்டிஎல் இயல்பாகவும் இருந்தால் இதயத் தமனியில் படிவு சேருமா?

வெறும் வயிற்றில் சர்க்கரை 110, எல்டிஎல் (‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) 100 என்று அறிக்கை வந்திருக்கும்போது இதயத் தமனிகளைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லன். எனக்கும் சர்க்கரை இதே எல்லைக்கோட்டில் நிற்பதால் சில ஆண்டுகளாக இதைப் பற்றிப் படித்து வருகிறேன். தமனிச் சுவரில் கொழுப்புப் படிவு சேரலாம் என்பதே என் பதில்.

தசையும் கல்லீரலும் கொழுப்புத் திசுவும் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது (இதுவே இன்சுலின் எதிர்ப்பு), கணையம் கூடுதலாகச் சுரந்து சர்க்கரையை இயல்பு அளவிலேயே பல ஆண்டுகள் பிடித்துவைக்கிறது. அது ஈடுகொடுக்க முடியாமல் போன பிறகே சர்க்கரை முதலில் 100ஐயும், பின்னர் நீரிழிவின் எல்லையான 126ஐயும் தாண்டுகிறது. ஆகவே உங்கள் 110 என்பது தொடக்கம் அன்று. அதற்கு வெகு முன்பே இன்சுலின் எதிர்ப்பு தன் வேலையைத் தொடங்கியிருக்கக்கூடும். இந்த எதிர்ப்பும், உயர் ரத்த அழுத்தமும், கூடிய ட்ரைகிளிசரைடும் (ரத்தத்திலுள்ள ஒருவகைக் கொழுப்பு), குறைந்த ஹெச்டிஎல்லும் (‘நல்ல’ கொலஸ்ட்ரால்) ஒன்றாகவே வருவதை 1988இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் எடுத்துக்காட்டினார்.

கொழுப்புத் திசுவின் மீது இன்சுலினுக்கு உள்ள பிடி தளரும்போது கொழுப்பு அமிலங்கள் பெருமளவில் கல்லீரலைச் சென்றடைகின்றன. கல்லீரல் அவற்றை ட்ரைகிளிசரைடு நிறைந்த துகள்களாக்கி ரத்தத்தில் விடுகிறது. அத்துகள்களோடு நடக்கும் கொழுப்புப் பரிமாற்றத்தால் ஹெச்டிஎல் குறைவதோடு, எல்டிஎல் துகள்களும் சிறுத்து அடர்த்தியாகின்றன. வழக்கமான பரிசோதனை எல்டிஎல் சுமக்கும் கொலஸ்ட்ராலின் அளவையே சொல்கிறது. சிறிய துகள் குறைவாகவே சுமக்கும் என்பதால், அதே 100க்குள் வழக்கத்தைவிட அதிகமான துகள்கள் மறைந்திருக்கலாம். தமனிச் சுவருக்குள் புகுந்து சிக்கிக்கொள்பவை இத்துகள்களே. ஒவ்வொன்றிலும் ஓர் அபோ பி புரதம் இருப்பதால், அபோ பி பரிசோதனை ஏறக்குறைய அவற்றின் எண்ணிக்கையையே காட்டிவிடுகிறது. அதைச் செய்ய வசதியில்லையென்றால் மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து ஹெச்டிஎல்லைக் கழித்துப் பாருங்கள்; அதுவும் இத்துகள்களின் அளவைத் தோராயமாகக் காட்டும். கையிலிருக்கும் அறிக்கையே போதும்.

சுவரிலும் மாற்றம் நிகழ்கிறது. இன்சுலின் எதிர்ப்பால் தமனியின் உட்படலம் நைட்ரிக் ஆக்சைடைக் குறைவாக உண்டாக்குகிறது. தமனி விரியும் திறன் குன்றுகிறது. ரத்தத்தில் மிகுந்திருக்கும் சர்க்கரை புரதங்களோடு ஒட்டி உருவாகும் சேர்மங்கள் அழற்சியைத் தூண்டுகின்றன. நீரிழிவு உள்ளவர்களின் படிவுகளில் சிதைந்த கொழுப்பாலான உட்பகுதி பெரிதாகவும் அழற்சி அணுக்கள் மிகுந்தும் காணப்படுகின்றன. அடைப்பும் ஓரிடத்தில் நில்லாமல் தமனி நெடுகப் பரவியிருப்பது வழக்கம்.

அப்படியானால் சர்க்கரையைக் கடுமையாகக் குறைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 10,251 பேரைக் கொண்டு நடந்த அக்கார்டு ஆய்வில், ஹெச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) அளவை 6 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர மருந்துகளைக் குவித்த பிரிவில் 257 பேரும் வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 203 பேரும் இறந்ததால், 2008இல் அந்தத் தீவிர சிகிச்சை இடையிலேயே நிறுத்தப்பட்டது. மாறாக, 2004இல் வெளியான கார்ட்ஸ் ஆய்வில், எல்டிஎல் பெரிதாக உயராத இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளுக்கு கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்தான அடோர்வாஸ்டேட்டின் 10 மி.கி. கொடுத்ததில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் 37 விழுக்காடு குறைந்தன. இதைக் கொண்டு சர்க்கரைக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. முதல் வகை நீரிழிவில் தொடக்கத்திலேயே சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் கணிசமாகக் குறைந்தது. எவ்வளவு சீக்கிரம், எந்த வழியில் குறைக்கிறோம் என்பதும் முக்கியம் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு எடைக் குறைப்பும் உடற்பயிற்சியும் வேரிலேயே கைவைக்கும் வழிகள். உழைக்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலே சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்கிறது. ரத்த அழுத்தத்தையும் அபோ பி அளவையும் மருத்துவரிடம் சேர்த்தே பேசுங்கள். இதயத் தமனிகளின் சுண்ணாம்புப் படிவை அளக்கும் கால்சியம் ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: சுண்ணாம்பு படிந்த படிவை மட்டுமே அது காணும், ஆகவே வயது குறைந்தவருக்குப் பூஜ்யம் என்று முடிவு வந்தாலும், இன்னும் இறுகாத மென்படிவு உள்ளே இருக்க வாய்ப்புண்டு.