பெயிண்டை நம்பாதீர்கள், புரட்டிப் பாருங்கள்: பழைய மாடல் டீசல் என்ஜின்கள், கேள்வி பதில்

பழைய மாடல் டீசல் என்ஜின் (நிஜ ரயில் என்ஜினைச் சிறிதாக்கிச் செய்த பொம்மை) வைத்திருப்பவர்கள் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கிறது, முடிந்தவரை இங்கேயே எழுதிவிடுகிறேன். முதலில் ஒரு விஷயம். அலங்காநல்லூர்ப் பக்கம் மாடு வாங்கப் போகிறவர் கொம்பில் அடித்த பெயிண்டைப் பார்த்து விலை பேச மாட்டார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார். என்ஜினுக்கும் அதே கணக்குதான். மேலே எழுதியிருக்கும் ரயில்வே பெயர், வண்ணம், பெட்டி எல்லாம் கடைசி. கூரை, பக்கவாட்டு, அடிப்பாகம், இந்த மூன்றும்தான் உண்மையைச் சொல்லும்.

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த எச்ஓ (அசலில் 87இல் ஒரு பங்கு அளவு) என்ஜின். சிவப்பு மூக்கு, வெள்ளி உடம்பு, சாண்டா ஃபே என்று எழுதியிருக்கு. இது எஃப்3-யா, எஃப்7-ஆ, எஃப்9-ஆ?

தம்பி, நீ சொல்லும் மூன்றும் ஒரே சாயலில் வந்த அமெரிக்க டீசல் என்ஜின் வகைகள், சாண்டா ஃபே அங்கே ஒரு ரயில்வே. அதன் சிவப்பும் வெள்ளியும் நன்றாக விற்ற வண்ணம், அதனால் அந்தக் காலத்து மாடல் கம்பெனிகள் கையில் இருந்த எந்த உடம்புக்கும் அதை அடித்துவிட்டார்கள். நீ பக்கவாட்டில் இருக்கும் வட்ட ஜன்னலை எண்ணு. நான்கு ஜன்னல் நெருக்கமாக வரிசையில் இருந்தால் அது 1939இல் வந்த எஃப்டி. மூன்று இருந்தால் எஃப்2 அல்லது ஆரம்பகால எஃப்3. இரண்டே இரண்டு இருந்தால்தான் உன் கேள்வியே ஆரம்பிக்கிறது. அந்த இரண்டு ஜன்னலுக்கும் இடையில், மேல் பட்டையில், கோழிக்கூண்டு வலை மாதிரி கம்பி வலை தெரிந்தால் எஃப்3. வலைக்குப் பதிலாகத் தகட்டுச் சட்டம் பட்டை பட்டையாக ஓடினால் பெரும்பாலும் 1949இல் வந்த எஃப்7. அப்புறம் முன் ஜன்னலுக்கும் முன்னால், ஓட்டுநர் கதவை ஒட்டி, கூடுதலாக ஒரு காற்றுத் திறப்பு இருந்தால் எஃப்9. அசலில் எஃப்7க்கு 1500 குதிரைத்திறன், எஃப்9க்கு 1750. வெளியே தெரிகிற வித்தியாசம் அந்த ஒரு திறப்புதான், பிளாஸ்டிக் மாடலில் அது நகத்தளவுகூட இருக்காது, அதனால் வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்.

தேனியிலிருந்து: ஜிபி38, ஜிபி40 என்ற அமெரிக்க டீசல் என்ஜின்கள் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எப்படிப் பிரிப்பது?

மேலிருந்து பாருங்கள். பின் முனையில் ரேடியேட்டருக்கு மேலே பெரிய விசிறி இரண்டு என்றால் 38, மூன்று என்றால் 40. 38க்கு டர்போ கிடையாது, 2000 குதிரைத்திறன். 40க்கு டர்போ உண்டு, 3000. அந்தக் கூடுதல் சூட்டை ஆற்றத்தான் மூன்றாவது விசிறி. கூரை நடுவே திமில் மாதிரி புடைத்து, அது ஓட்டுநர் அறை வரை வந்தால் இரண்டும் இல்லை, ஜிபி30.

சிவகாசியிலிருந்து: சார், ஒரே விலைக்கு மூன்று பழைய என்ஜின் வருகிறது. நீலப்பெட்டியில் வந்த ஏதர்ன் கம்பெனி என்ஜின், டைக்கோ கம்பெனி என்ஜின், ஜப்பானில் கேடோ கம்பெனி செய்து அட்லஸ் பெயரில் வந்த ஆர்எஸ்-3. எதை எடுக்கலாம்?

யோசிக்கவே வேண்டாம், ஆர்எஸ்-3ஐ எடுங்கள். ஆனால் காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த தடவை என்னைக் கேட்க வேண்டியிருக்காது.

மூன்றையும் கையில் தூக்கிப் பாருங்கள். டைக்கோ லேசாக இருக்கும், ஏனென்றால் மோட்டார் ஒரு போகிக்குள்ளேயே அடக்கம் (போகி என்று இங்கே நான் சொல்வது நாம் ஏறும் பெட்டியை அல்ல, ரயில்வேக்காரர்கள் சொல்கிற, சக்கரங்கள் மாட்டிய அடிச்சட்டத்தை). அந்த ஒரு போகி மட்டும்தான் இழுக்கும், மற்றது சும்மா உருளும். நாலு பெட்டி மாட்டி ஏற்றத்தில் விட்டால் சக்கரம் வழுக்கும். ஏதர்னில் மோட்டார் நடுவில் உட்கார்ந்து இரண்டு போகிக்கும் தண்டு வழியாகச் சக்தி கொடுக்கிறது, எல்லாச் சக்கரமும் இழுக்கும், சத்தம் போட்டாலும் வண்டியை நகர்த்திவிடும். அதன் குறை வேறு. மோட்டார் அகலமாக இருந்ததால் பழைய ஜிபி9, ஜிபி35 மாதிரி மாடல்களில் ஹூட்டையே (என்ஜினை மூடும் நீளக் கூடு) அகலமாகச் செய்துவிட்டார்கள். அசல் ஹூட் சுமார் 6 அடி அகலம், 87இல் ஒரு பங்கு என்றால் 21 மி.மீ. அளவில் வரவேண்டும். ஒரு வெர்னியரை வைத்து அளந்தால் பழைய ஏதர்ன் கூடுதலாகக் காட்டும், சரியான அகலமுள்ள என்ஜின் பக்கத்தில் நிறுத்தினால் அளக்காமலேயே தெரியும். 1980களில் வந்த கேடோ வேலையில் மோட்டார் ஒல்லி, ஹூட் சரியான அகலம், ஓட்டம் நல்லெண்ணெய் ஊற்றியது போல.

ஏதர்னைத் திறந்து உள்ளே பல்சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பேண்ட் இருந்தால் அது இன்னும் பழசு, 1950களின் கடைசியை ஒட்டியது. விர்ரென்று பறக்குமே தவிர மெதுவாக ஓடாது. சேகரிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

மேலூரிலிருந்து: ஓடும்போது சீராக ‘டக்... டக்...’ என்று சத்தம். தண்டவாளம் சுத்தமாகத்தான் இருக்கு.

சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒரு ‘டக்’ வந்தால் அச்சில் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கிறது. இரும்பு அச்சில் இறுக்கி அடித்த பிளாஸ்டிக், வருஷக்கணக்கில் அந்த இறுக்கத்திலேயே இருந்து கடைசியில் பிளந்துவிடும், பிளந்த இடத்தில் இரண்டு பல்லுக்கு இடையே வெளி கூடும், அங்கேதான் தட்டுகிறது. நான் ஆசையாக வாங்கிய இரண்டு என்ஜின்கள், பெட்டி பிரிக்காத புதுசு, பத்து வருஷம் அலமாரியில் இருந்தவை, முதல் நாளே இப்படித் தட்டின. சக்கரத்தை வெளியே எடுத்து லென்ஸில் பார்த்தால் முடி மாதிரி ஒரு கோடு. பசை போட்டுப் பார்த்தேன், அந்தப் பிளாஸ்டிக் வழவழப்பில் எதுவும் ஒட்டவில்லை. பல்சக்கரத்தை மாற்றுவது ஒன்றுதான் வழி.

திண்டுக்கல்லிலிருந்து: நீலப்பெட்டி ஏதர்ன் என்ஜினில் டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறை) போடலாமா?

போடலாம், ஆனால் மோட்டாரின் கீழ்ப்பக்க இணைப்பு நேராக உலோகச் சட்டத்தில் தொடும், அதை முதலில் பிரித்து இன்சுலேட் செய்யாமல் டீகோடரை (அந்தக் கட்டளையை வாங்கும் சின்ன மின்னணு அட்டை) இணைத்தால் உடனே போய்விடும். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி ஆம்பியரையும் அளந்துகொள்ளுங்கள், டீகோடர் அதைத் தாங்க வேண்டும்.

காரைக்குடியிலிருந்து ஒரு அம்மா: ஐயா, மாமனார் காலத்து வீட்டில் பெரிய டீசல் என்ஜின் ஒன்று கிடைத்தது. தண்டவாளத்தில் நடுவே மூன்றாவது கம்பி இருக்கிறது. லயனல் என்று எழுதியிருக்கிறது. ஓட்டிப் பார்க்கலாமா?

அம்மா, தயவுசெய்து இப்போதைக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். லயனல் எஃப்3 என்ஜின் 1948இல் வந்தது, ஓ கேஜ் (எச்ஓவைவிடப் பெரிய அளவு), ஏசி மின்சாரத்தில் ஓடுவது. பக்கத்தில் 2333 என்று எண் இருந்தால் அந்த முதல் வரிசை, 2343 என்றால் 1950ஐ ஒட்டியது.

அதைவிட அவசரமான வேலை ஒன்று. அந்த என்ஜினில் ஹாரன் ஒலிப்பதற்காக உள்ளே ஒரு பெரிய டார்ச் பேட்டரி போடுவார்கள். யாரோ போட்டு மறந்த பேட்டரி இன்னும் உள்ளே இருக்கலாம், கசிந்து வெள்ளை, பச்சையாகப் பொரிந்து அடிச்சட்டத்தை அரித்துக்கொண்டிருக்கும். கையுறை போட்டு, மேல்மூடியை மெதுவாகக் கழற்றி அதை வெளியே எடுங்கள். பெட்டியில் பழைய ஸ்பாஞ்ச் இருந்தால் அதையும் எறிந்துவிடுங்கள், அது உருகிப் பிசுபிசுத்து பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். பாலிஷ், புதுப் பெயிண்ட் எதுவும் வேண்டாம், அந்தப் பழைய மேனிதான் அதன் மதிப்பு.

உசிலம்பட்டியிலிருந்து: அண்ணே, எங்க ஊர் வழியாப் போன பழைய போடி வண்டியின் ஒய்டிஎம்-4 என்ஜினை மாடலாகச் செய்ய ஆசை. எச்ஓ தண்டவாளத்தில் ஓடுமா?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். 2010 கடைசியில் மீட்டர்கேஜை நிறுத்தும் வரை அந்தப் பாதையில் போய்வந்தவன் நான். ஒய்டிஎம்-4 மீட்டர்கேஜ் டீசல், அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைப்பு, ஆறு சிலிண்டர். கிளம்பும்போது டர்போ வேகம் பிடிக்கும் வரை குபுகுபுவென்று கரும்புகை விடும், அதையும் மாடலில் காட்ட ஆசைதான்.

அளவுக்கு வருவோம். மீட்டர்கேஜ் 1000 மி.மீ., 87ஆல் வகுத்தால் 11.5. சாதாரண எச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீ., அதில் வைத்தால் சக்கரங்கள் அளவுக்கு மீறி அகன்று அசிங்கமாக இருக்கும். எச்ஓஎம் என்று 12 மி.மீ. தண்டவாளம் இருக்கிறது, அதுதான் பொருந்தும். நம் அகலப்பாதை என்ஜினுக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. 1676 மி.மீ.க்கு 19க்கு மேல் வரவேண்டும், 16.5இல் ஓட்டும்போது கால் ஒடுங்கித் தெரியும். டபிள்யூடிஎம்-2 செய்பவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டு, போகியையாவது சரியாகப் பிடிப்பார்கள். அதில் மூன்று அச்சும் சம இடைவெளியில் இருக்காது, இரண்டு நெருங்கி, ஒன்று தள்ளி. அமெரிக்க ஆல்கோ ஆர்எஸ்டி-5 மாடலின் போகி கிட்டத்தட்ட அந்தச் சாயல்.

நீங்கள் முதலில் அடிப்பாகத்தைச் செய்யுங்கள். 12 மி.மீ.யில் ஆறு அச்சும் வளைவில் தடம் புரளாமல் போகட்டும், உடம்பை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். என்னிடம் அந்த என்ஜினைப் பக்கவாட்டில் எடுத்த புகைப்படங்கள் சில இருக்கின்றன, கைப்பிடிக் கம்பி, படிக்கட்டு எல்லாம் தெளிவாகத் தெரியும். ஸ்கேன் செய்து இந்த வாரமே தருகிறேன்.