பி.எஸ்சி. நர்சிங் முடித்தவுடன் நேரடியாக அவசர சிகிச்சைப் பிரிவில் சேரலாமா?

சேரலாம். இரண்டு ஆண்டு வார்டில் இருந்து கை பழகிய பிறகு கேசுவாலிட்டிக்குப் போ என்று உங்கள் ஆசிரியைகள் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் நான் நர்சிங் கவுன்சிலில் பதிவு முடித்த அடுத்த மாதமே டெல்டாப் பகுதியில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சேர்ந்தவள். மருத்துவமனை மாறினாலும் ஒன்பது ஆண்டுகளாக அவசரப் பிரிவு வேலையில்தான் இருக்கிறேன். தைரியம் இருக்கிறதா, ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா என்றெல்லாம் யோசிப்பதை விட்டுவிட்டு, இரவுப் பணியில் உங்கள் பக்கத்தில் நிற்கப்போகும் மூத்த செவிலியர் யார் என்பதை முதலில் விசாரியுங்கள்.

நான் சேர்ந்து ஆறு வாரம்கூட ஆகாத ஓர் இரவில், வரப்பில் நடந்து வந்தபோது காலில் பாம்பு கடித்த ஒரு பெண்ணை, மொபெட்டில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். என்ன பாம்பு என்று அவருக்குத் தெரியவில்லை. கணுக்காலுக்கு மேலே புடவைக் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் செருகும் ஊசிக்குழாய்) போட்டுவிட்டு, ரத்தம் உறைகிறதா என்று பார்க்க 2 மி.லி. எடுத்து வைக்கும்படி மருத்துவர் சொன்னார். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் ரத்தம் உறையும் தன்மையை இழந்துவிடும். ஆகவே ரத்தத்தைக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்கவேண்டும். தட்டில் கண்ணாடிக் குழாய் இல்லை. தேடிக்கொண்டிருக்க நேரமில்லை என்று நினைத்து, கைக்கு எட்டிய பிளாஸ்டிக் குழாயில் விட்டேன். 20 நிமிடம் கழித்துச் சாய்த்தபோது ரத்தம் தண்ணீர் போல ஓடியது. மருத்துவர் உடனே நஞ்சு முறிவு மருந்து பத்து குப்பி எழுதினார்.

அந்த மருந்து பொடியாக வரும். குலுக்கினால் நுரைத்துவிடும் என்பதால் நீரை விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே குப்பியை மெதுவாக உருட்டிக் கரைக்கவேண்டும். (வடநெம்மேலியில் இருளர்கள் பாம்பு பிடித்து நஞ்செடுத்துக் கொடுக்கிறார்களே, அதிலிருந்து தொடங்கி உருவாகும் மருந்து இது, ஒவ்வொரு குப்பியும் அருமையானது.) மூன்றாவது குப்பியை உருட்டிக்கொண்டிருந்தபோது இன்சார்ஜ் சிஸ்டர் வந்து குழாயை எடுத்து நகத்தால் தட்டினார். கண்ணாடி எழுப்பும் சத்தம் அதில் வரவில்லை. "இது எதுலம்மா எடுத்த?" என்று மட்டும் கேட்டார். இந்தப் பரிசோதனையில் ரத்தம் உறையத் தொடங்குவதற்குக் கண்ணாடிப் பரப்பு வேண்டும், பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமும் உறையாமல் ஏமாற்றக்கூடும் என்று எனக்குத் தெரியும். தேர்வில் "சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாய்" என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். மருத்துவரிடம் அவரே போய்ச் சொல்லி மருந்தை நிறுத்திவைத்தார். புதிய கண்ணாடிக் குழாயில் மீண்டும் எடுத்தோம். 20 நிமிடத்தில் கட்டியாக உறைந்தது. முதல் மூன்று மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் உறைந்தது. நரம்பைத் தாக்கும் நஞ்சாக இருந்தால் கண் இமை சரியும், அதுவும் இல்லை. காலில் வீக்கமும் ஏறவில்லை. முழுநாள் கண்காணிப்புக்குப் பிறகு அந்தப் பெண் நடந்தே வீட்டுக்குப் போனார். தேவையில்லாமல் அந்த மருந்தை ஏற்றியிருந்தால் ஒவ்வாமையில் ரத்த அழுத்தம் சரிந்து, மூச்சு முட்டி, நாங்களே அவருக்கு ஆபத்தை உண்டாக்கியிருக்கக்கூடும்.

கவனக்குறைவை ஒப்புக்கொண்டுவிட்டு அறிவுரை வேறா என்று இதைப் படிக்கும் சிலர் கேட்கலாம். கேட்கட்டும். வார்டில் இரண்டு ஆண்டு இருந்திருந்தாலும் இந்தத் தவறைச் செய்திருப்பேன். ஏனென்றால் வார்டில் இந்தப் பரிசோதனைக்கு வேலையே இல்லை. எனக்குக் குறைந்தது அனுபவம் அன்று, "கண்ணாடிக் குழாய் எங்கே?" என்று வாய் திறந்து கேட்கும் பழக்கம். கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் முதல் ஆண்டில் எல்லோருக்கும் இருக்கும். பெரிய நகர மருத்துவமனைகளில் புதியவர்களுக்கு முறையான பயிற்சிக் காலம் இருக்கலாம். நான் எழுதுவது சிறு நகரத்தை வைத்து.

கரைத்த மூன்று குப்பிகளின் விலையை அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தட்டில் கண்ணாடிக் குழாய் வைக்காததற்கு யார் சம்பளத்திலும் பிடித்ததாகத் தெரியவில்லை. சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட என் அசல் சான்றிதழ்களை, அந்த மருத்துவமனையை விட்டு விலகும்போது நான்கு மாதம் அலையவைத்த பிறகுதான் தந்தார்கள். நகல் கொடுங்கள், அசலைக் காட்டுங்கள், கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கொடுத்தால்தான் வேலை என்றால் அந்த வேலை வேண்டாம்.

பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். (இதயம் நின்றால் உயிர்காக்கும் அடிப்படை, மேல்நிலைச் சிகிச்சை) பயிற்சிகளை முடித்துக்கொள்வது நல்லது. அதற்குத் தரும் சான்று அட்டை இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும் என்பதால் வேலை உறுதியாகும் நேரத்தில் செய்யுங்கள். நேர்காணலில் சம்பளத்தோடு, இரவில் எத்தனை செவிலியர்கள் இருப்பார்கள், அவர்களில் எத்தனை பேர் மூன்று ஆண்டைத் தாண்டியவர்கள் என்றும் கேளுங்கள். முடிந்தால் அவசரப் பிரிவை ஒரு முறை சுற்றிப் பார்க்க அனுமதி வாங்குங்கள். நான் இப்போது எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் பார்ப்பது, தட்டில் கண்ணாடிக் குழாய் இருக்கிறதா என்பதைத்தான்.