பையன் ஃப்ரீயா போறான், வளர்த்த கிளப்புக்குப் பணம் வருமா?

கேள்வி: சின்ன ஃபுட்பால் கிளப் நடத்துறோம். ஒரு பையன் 13 வயசுல இருந்து 17 வரைக்கும் எங்ககிட்டதான் ஆடினான், காண்ட்ராக்ட் எதுவும் போடல. இப்ப 18 முடிஞ்சிருச்சு, ஐரோப்பால ஒரு கிளப் அவனை ஃப்ரீயா, அதாவது டிரான்ஸ்ஃபர் ஃபீஸ் இல்லாம எடுத்து ப்ரோ காண்ட்ராக்ட் தர்றாங்க. எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும்ங்க. காண்ட்ராக்ட் இல்லாம அமெச்சூரா ஆடியிருந்தாலும் கிடைக்கும், ஆனா அந்த அஞ்சு சீசனும் அவன் பேரு உங்க கிளப் ப்ளேயரா ஃபுட்பால் அசோசியேஷன்ல ரெஜிஸ்டர் ஆகியிருக்கணும், இதுலதான் நிறைய சின்ன கிளப் கோட்டை விடுது. பயிற்சி குடுத்தது ஊருக்கே தெரிஞ்சாலும் ரெக்கார்டுல இல்லன்னா உலக ஃபுட்பால் அமைப்பான ஃபிஃபா கணக்குல நீங்க இல்லவே இல்ல.

பணம் ரெண்டு வழியில வரும். முதல்ல ட்ரெய்னிங் காம்பன்சேஷன். வேற நாட்டு கிளப்புல முதல் தடவையா ப்ரோவா ரெஜிஸ்டர் ஆகும்போது, 12 வயசுல இருந்து 21 வரைக்கும் அவனை வளர்த்த எல்லா கிளப்புக்கும் புது கிளப் குடுக்கணும். பயிற்சிக்கு ஆகுற செலவை வச்சு கிளப்புங்களை 1ல இருந்து 4 வரைக்கும் கேட்டகரியா பிரிச்சிருக்காங்க, 4தான் கடைசி. புது கிளப் கேட்டகரி 2ன்னு வச்சுக்கோங்க, வருஷத்துக்கு 60,000 யூரோ ரேட், ஆனா 15 வயசு வரைக்கும் உள்ள சீசனுக்கு கேட்டகரி 4 ரேட்டான 10,000தான் போடுவாங்க. உங்களுக்கு 13, 14, 15க்கு 30,000, 16, 17க்கு 1,20,000, ஆக மொத்தம் 1,50,000 யூரோ. எடுக்குற கிளப்பே கேட்டகரி 4னா ஒண்ணும் கிடையாது, அதனால முதல்ல அதை விசாரிங்க.

இன்னொண்ணு சாலிடாரிட்டி. நாளைக்கு காண்ட்ராக்ட் முடியுறதுக்கு முன்னாடி அவனை யாராவது காசு குடுத்து வாங்கினா அந்த ஃபீஸ்ல 5 சதவீதம் வளர்த்த கிளப்புங்களுக்குப் பிரியும், உங்க அஞ்சு சீசனுக்கு மொத்த ஃபீஸ்ல 1.75 சதவீதம், அதாவது 10 லட்சம் யூரோ டிரான்ஸ்ஃபர்னா 17,500. அந்த நாட்டுக்குள்ளயே கிளப் மாறினாலும் உங்களுக்கு வரும், 2020 ஜூலைல இருந்து அப்படித்தான் ரூல்.

2022 நவம்பர்ல இருந்து இதெல்லாம் ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ், அதாவது இந்தப் பணத்தை வாங்கி வளர்த்த கிளப்புங்களுக்குப் பிரிச்சு அனுப்புற அமைப்பு வழியாத்தான் நடக்குது. ரெஜிஸ்ட்ரேஷன் டேட்டாவை வச்சு எலக்ட்ரானிக் ப்ளேயர் பாஸ்போர்ட், அதாவது எந்த சீசன்ல எந்த கிளப்ல இருந்தான்ங்கிற பட்டியல் தயாராகும், அதை செக் பண்ண டைம் குடுப்பாங்க, அப்பவே உங்க சீசன் விடுபட்டிருந்தா சொல்லிடணும். பேங்க் விவரம், கிளப் யாரு கைல இருக்குங்கிற பேப்பர் எல்லாம் கேப்பாங்க, அதுல பாஸ் ஆகலன்னா பணம் நின்னுரும்.

ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். இந்தப் பணம் புது கிளப் தர வேண்டியது, பையனோ அவங்க அப்பா அம்மாவோ இல்ல. கிளப் மாற ஆட்சேபணை இல்லன்னு என்ஓசி குடுக்கணும்னா இவ்வளவு குடுன்னு வீட்டுல போய் நிக்கிற கிளப்புங்க இருக்கு, அது ரொம்பத் தப்பு, அந்தப் பையனோட வாழ்க்கையை வச்சு பேரம் பேசுறது. அதே மாதிரி காம்பன்சேஷன் வேணாம்னு எழுதிக் குடுங்கன்னு புது கிளப்போ ஏஜென்ட்டோ ஒரு பேப்பர் நீட்டலாம், அவசரப்பட்டு கையெழுத்து போட்டுறாதீங்க, போட்டா விட்டுக் குடுத்ததா எடுத்துப்பாங்க.

இனி வர்ற பசங்களுக்கு காண்ட்ராக்ட் போடுறதா இருந்தா, 18க்குக் கீழ மூணு வருஷத்துக்கு மேல ஃபிஃபா ஏத்துக்காது. இப்போதைக்கு இந்த வாரமே அசோசியேஷனுக்குப் போய் இந்தப் பையனோட ரெஜிஸ்ட்ரேஷன் சீசன் வாரியா, தேதியோட சரியா இருக்கான்னு பாருங்க.