விண்வெளியில் கூலிங் செலவே கிடையாதா?

கேள்வி: கோவை கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். விண்வெளியில் டேட்டா சென்டர், அதாவது பெரிய கம்ப்யூட்டர் கூடம், அமைக்கப்போவதாகச் சொல்லும் ஒரு கம்பெனியின் பங்கை வாங்கச் சொல்லி என் மச்சினன் நச்சரிக்கிறான். "அங்கே மைனஸ் 270 டிகிரி குளிர், கூலிங்குக்கு ஒரு பைசா செலவில்லை" என்கிறான். அன்னூர் பக்கம் இருக்கும் 30 சென்ட் இடத்தை விற்றுப் போடலாமா?

பதில்: இடத்தை விற்காதீர்கள். காரணத்தை உங்கள் பட்டறையிலேயே பார்க்கலாம். மோட்டாரின் உடம்பில் வரிவரியாக விலா, வாலில் விசிறி. மில்லிலிருந்து வரும் மோட்டாரில் விசிறி மூடியைப் பஞ்சு அடைத்துக்கொண்டு, காயில் கருகிக் கிடப்பதை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! காற்று ஓடவில்லை என்றால் சூடு இறங்காது. விண்வெளியில் காற்றே இல்லை. குளிர் இருக்கிறது, சூட்டை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆள் இல்லை.

மிஞ்சுவது கதிர்வீச்சு ஒன்றுதான்: சூடான பொருளிலிருந்து வெப்பம், காற்றின் துணையில்லாமல் ஒளி போலத் தானாக வெளியே போவது. 27 டிகிரி செல்சியஸில் இருக்கும் தகடு, சதுர மீட்டருக்குச் சுமார் 400 வாட் வெப்பத்தைத்தான் வெளியேற்றும். இரண்டு பக்கமும் வெளியேற்றினாலும், ஒரு மெகாவாட் மின்சாரம் தின்று, அத்தனையையும் சூடாகக் கக்கும் கம்ப்யூட்டர்களுக்கு ஏறக்குறைய 1,200 சதுர மீட்டர் தகடு வேண்டும். அதாவது 30 சென்ட். நீங்கள் விற்க நினைக்கும் இடத்தின் அளவேதான். அதுவும் வெயிலோ பூமியின் சூடோ தகட்டில் படவே படாது என்று வைத்துப் போட்ட கணக்கு. 100 மெகாவாட் என்றால் 30 ஏக்கர். அத்தனையையும் மடித்து ராக்கெட்டில் ஏற்றி, மேலே விரிக்க வேண்டும்.

முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். சர்வதேச விண்வெளி நிலையம் குழாய்களில் அம்மோனியாவை ஓட்டி, 70 கிலோவாட் வரை வெப்பத்தை இப்படித்தான் வெளியேற்றுகிறது. தகட்டை 60 டிகிரியில் வைத்தால் வெப்பம் ஒன்றரை மடங்கு வேகமாகப் போகும். 30 சென்ட் 20 ஆகிவிடும். ஆனால் சிப்பும் அதற்கேற்ற சூட்டைத் தாங்கியபடியே வேலை செய்ய வேண்டும். குழாயில் ஓட்டை விழுந்தால் போய்ச் சரிசெய்ய அங்கே பட்டறை கிடையாது.

பிறகு ஏன் பெரிய கம்பெனிகள் அலைகின்றன? வெயிலுக்காக. சரியான சுற்றுப்பாதையில் இரவே அநேகமாக வராது. சோலார் பலகைக்குக் கொண்டாட்டம். விண்வெளியில் கம்ப்யூட்டர்களை ஓட்ட கூகுள் 2025 நவம்பரில் அறிவித்த சன்கேட்சர் திட்டம் அந்த வெயிலை நம்பித்தான். 2027 தொடக்கத்தில் இரண்டு சோதனைச் செயற்கைக்கோள்களை ஏவப்போவதாகச் சொன்னார்கள். அவ்வளவு பணம் வைத்திருப்பவர்களே சோதனையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். உங்கள் மச்சினர் குளிரைக் காட்டி ஆசை காட்டுகிறார் என்றால், அவருக்கு விற்றவர்களுக்கே விஷயம் பிடிபடவில்லை. அல்லது நன்றாகவே பிடிபட்டிருக்கிறது.

ஒரு கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற எத்தனை கிலோ எடையுள்ள தகடு, அதை மேலே ஏற்ற எவ்வளவு செலவு என்று அந்தக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். சந்தையில் பட்டியலிடப்படாத பங்கா என்றும் பாருங்கள். அப்படியென்றால், அவசரத்துக்கு விற்கப் போகும்போது வாங்குவதற்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும். அன்னூரில் நிலத்துக்கு அந்தக் கவலை அவ்வளவாக இருக்காது.