ரீமேப் செய்த காரின் டர்போ பழுதானால் யார் பொறுப்பு?

கேள்வி: என்னுடையது டர்போ டீசல் கார், வாரண்டி இருக்கிறது. ட்யூனிங் கடையில் ரூ.28,000 கட்டி ஈசியூ (என்ஜினை இயக்கும் கணினி) ரீமேப் செய்தேன். "20 குதிரைத்திறன் கூடும், லிட்டருக்கு 3 கி.மீ. அதிகம் கிடைக்கும்" என்று வாட்ஸ்அப்பில் உறுதி சொன்னார்கள். இழுவை கூடியது உண்மை. ஆனால் மைலேஜ் குறைந்து, கரும்புகை தள்ளி, நான்கே மாதத்தில் டர்போ போய்விட்டது. ஷோரூமில் வாரண்டி கிடையாது என்கிறார்கள். கடைக்காரரும் கைவிரிக்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் ஷோரூமை விட்டுவிட்டுக் கடைக்காரர் மீது போடுங்கள். ரீமேப் என்பது ஈசியூவில் உள்ள மேப்பை, அதாவது மென்பொருள் அமைப்பை மாற்றி, டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) தரும் அழுத்தத்தையும் உள்ளே போகும் டீசலையும் கூட்டுகிற வேலை. டர்போ டீசலில் அதனால் பவர் ஏறும். கூடுதல் டீசலை எரித்துத்தான் அந்த பவர் வருகிறது. அதை அனுபவித்துக்கொண்டே மைலேஜும் கூடும் என்பது விற்பதற்காகச் சொல்லும் பேச்சு. கூடிய அழுத்தத்துக்கும் பழுதான டர்போவுக்கும் தொடர்பு காட்டுவது கம்பெனிக்குச் சிரமமே இல்லை. அதனால் ஷோரூமோடு மோதாமல், வாரண்டி மறுப்பை மட்டும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கடைக்காரரின் உறுதிமொழி, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்ற இரண்டுக்குள்ளும் வரும். உங்கள் பலம் அந்த வாட்ஸ்அப் செய்திதான். ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்தாமல் அந்த போனை அப்படியே பத்திரப்படுத்துங்கள். மின்னணு ஆதாரத்துக்குத் தேவையான, பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-ன் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். அப்புறம் பில்லைப் பாருங்கள். "சாலைப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தால் அதையே கேடயமாகப் பிடிப்பார்கள். வண்டியை விடும்போது அதை உங்களிடம் சொன்னார்களா என்று இப்போதே எழுதி வையுங்கள்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்சி விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்குப் பிரிவு 182ஏ(4)-ன்படி ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். "நீங்களே சட்டத்தை மீறியவர்" என்று எதிர்த்தரப்பு வாதாடும். காசு வாங்கி இந்த வேலையைச் செய்பவருக்கு விதி தெரிந்திருக்க வேண்டும், அதை உங்களிடம் மறைத்தார் என்பது உங்கள் பதிலாக இருக்கட்டும்.

சரி, முதல் வேலை என்ன? பழைய மேப்பைத் திரும்ப ஏற்றுவதற்கு முன்பே ஈசியூவில் இருப்பதைப் பதிவெடுத்து, கடைக்குத் தொடர்பில்லாத ஒரு ஆட்டோமொபைல் பொறியாளரிடம் அறிக்கை வாங்குங்கள். இதைத் தவறவிட்டால் வழக்கு பாதி போய்விடும். பிறகு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி ரீமேப் பணம், டர்போ செலவு, இழப்பீடு மூன்றையும் கேளுங்கள். மசியாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு செய்யலாம், இ-ஜாக்ரிதி என்ற நுகர்வோர் வழக்குகளுக்கான அரசு இணையதளம் வழியாகவும் முடியும். கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். கழற்றிய டர்போவை அதுவரை யாரிடமும் கொடுக்காதீர்கள்.