ஷட்டவுன் நேரத்துல ஐஆர்எஸ் நோட்டீஸ் கையில இருந்தா என்ன பண்றது?

ஷட்டவுன்னா பட்ஜெட் பாஸ் ஆகாம அமெரிக்க அரசாங்க வேலைகள் நிறைய நின்னுபோறது, ஐஆர்எஸ்னா அங்க இருக்கிற வருமான வரித்துறை. நியூஜெர்சில இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "2025 அக்டோபர் ஷட்டவுன்ல ஐஆர்எஸ்-க்கு எத்தனையோ தடவை போன் போட்டும் ஆள் கிடைக்கல. அடுத்த தடவை இப்படி ஆச்சுன்னா நோட்டீஸ்ல இருக்கிற கெடு தானா தள்ளிப்போகுமா?"

தள்ளிப்போகாதுங்க. அந்த ஷட்டவுன் 43 நாள் நடந்துச்சு, அக்டோபர் 8ல இருந்து ஐஆர்எஸ் ஊழியர்கள்ல கிட்டத்தட்ட பாதிப்பேரை சம்பளம் இல்லாம வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, ஆனா கூடுதல் டைம் கேட்டவங்க வரிக்கணக்கு தாக்கல் பண்ணவேண்டிய அக்டோபர் 15 எக்ஸ்டென்ஷன் கெடு மட்டும் அசையவே இல்ல. கம்ப்யூட்டர்ல இருந்து தானா போற நோட்டீஸும் போய்க்கிட்டுதான் இருக்கும்.

இதுல எனக்கு ஆறவே ஆறாத விஷயம் டாக்ஸ்பேயர் அட்வகேட் சர்வீஸ். ஐஆர்எஸ்ஸால கஷ்டப்படுறவங்களுக்கு ஐஆர்எஸ்ஸுக்குள்ளயே இருந்து உதவுற ஆபீஸ் அது. 2018 டிசம்பர் 22ல ஆரம்பிச்ச 35 நாள் ஷட்டவுன்ல அதையே மூடிட்டாங்க. பட்ஜெட் பாஸ் ஆகலன்னா மனுஷ உயிரையும் சொத்தையும் காப்பாத்துற வேலையை மட்டும்தான் செய்யலாம்னு ஆன்டிடெஃபிஷியன்சி சட்டம் சொல்லுது, இதுல அரசாங்கத்துக்கு வரவேண்டிய வரிப்பணம் 'சொத்து'ன்னு கணக்காகுது, பேங்க் அக்கவுண்ட் முடங்கி மருந்து வாங்கக் காசில்லாம நிக்கிறவரோட நிலைமை எந்தக் கணக்குலயும் வரல. அப்ப அந்த ஆபீஸுக்குத் தலைவரா இருந்த நினா ஓல்சன் இதை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு எழுதுன அறிக்கையிலயே சொன்னாங்க. ஷட்டவுன் முடிஞ்சப்போ பதில் போடாத தபாலே 50 லட்சத்துக்கு மேல தேங்கிக் கிடந்துச்சு. வசூல் பண்ற கை வேலை செய்யுதுன்னா, தப்பா பிடிச்சதை விடுவிக்கிற கையும் வேலை செய்யணும், சட்டத்தைத் திருத்தியாவது இதைச் செய்யணும்ங்கிறதுதான் என் கருத்து.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். பேங்க்ல லெவி விழுந்தா, அதாவது வரி பாக்கிக்காக ஐஆர்எஸ் உங்க அக்கவுண்டைப் பிடிச்சா, அந்தப் பணத்தை பேங்க் 21 நாள் தன்கிட்டயே வச்சிருந்து அப்புறம்தான் ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பும், அதனால ஷட்டவுன் வரும்போல இருக்குன்னு செய்தி அடிபட்டாலே கைல இருக்கிற பிரச்சனைக்கு உதவி கேக்குறதுக்கான 911 பாரத்தை நிரப்பி அட்வகேட் ஆபீஸுக்கு அனுப்பிடுங்க, கதவு மூடுறதுக்குள்ள கேஸ் உள்ள போயிடணும். 90 நாள் லெட்டர், அதாவது நீங்க இன்னும் வரி கட்டணும்னு ஐஆர்எஸ் முடிவு பண்ணி அனுப்புற நோட்டீஸ், வந்திருந்தா ரொம்ப ரொம்ப கவனம், அந்த 90 நாள்தான் அதை எதிர்த்து டாக்ஸ் கோர்ட்டுக்குப் போறதுக்கான கெடு. டாசன்ங்கிற கோர்ட் சைட்லயே மனு போடலாம், இல்ல சர்டிஃபைட் மெயில்ல அனுப்பிட்டு முத்திரை விழுந்த ரசீதை பத்திரமா வச்சுக்கோங்க. போஸ்ட் ஆபீஸ் அவங்க வருமானத்துலயே ஓடுறதால ஷட்டவுன்லயும் திறந்துதான் இருக்கும்.

கட்டவேண்டிய பாக்கி வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து 50,000 டாலருக்குள்ளன்னா மாசத்தவணைக்கு ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம், யாரும் போன் எடுக்கணும்னு இல்ல. வருமானம் கம்மியா இருக்கிறவங்களுக்கு வரி வழக்குல உதவுற லோ இன்கம் டாக்ஸ்பேயர் கிளினிக் இருக்கு, ஐஆர்எஸ்ஸுக்கு வெளியில நடக்குறது, நிறைய லா காலேஜ்லயே இருக்கும்.

உங்களுக்கு வந்திருக்கிறது எந்த நோட்டீஸ்னு நீங்க எழுதல. பேப்பரோட வலது மூலைல, மேலயோ கீழயோ, ஒரு நம்பர் இருக்கும், அதையும் தேதியையும் அனுப்புங்க, எத்தனை நாள் மிச்சம் இருக்குன்னு பார்த்துச் சொல்றேன்.